கிம்ப்பில் மெனு காணவில்லையா?

கேள்வி: படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப் 3.0 போட்டிருக்கிறேன். வீடியோ பாடத்தில் காட்டும் நீள்வட்டத் தேர்வுக் கருவி என் டூல்பாக்ஸில் இல்லை. ஒரு ஜிஃப் லோகோவின் பின்னணியை எடுக்கப் போனால், ஒரு நிறத்தை ஊடுருவித் தெரியும்படி ஆக்கும் 'கலர் டு ஆல்ஃபா' அழுத்த முடியாமல் மங்கலாகக் கிடக்கிறது. வேண்டாததை அழித்துச் சுற்றியுள்ளதைக் கொண்டு நிரப்பும் 'ஹீல் செலக்‌ஷன்' மெனுவிலேயே இல்லை. திரும்ப இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். செட்டிங்ஸ் எல்லாம் உங்கள் யூசர் ஃபோல்டரில் இருப்பதால், திரும்பப் போட்டாலும் பழைய நிலைதான் வரும். எது கிடைக்கவில்லை என்றாலும் முதலில் கீபோர்டில் சாய்கோட்டை ( / ) அழுத்துங்கள். தேடல் பெட்டி திறக்கும். பெயரை அடித்து அங்கிருந்தே இயக்கலாம்.

நீள்வட்டக் கருவி செவ்வகத் தேர்வுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2020இல் வந்த 2.10.18 முதல் கருவிகளைக் குழுவாக அடுக்கிவிட்டார்கள். ஐகான் மூலையில் குட்டி முக்கோணம் இருந்தால் மவுஸை அழுத்திப் பிடியுங்கள், மற்றவை வரும். பிடிக்கவில்லையா? எடிட், பிரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், டூல்பாக்ஸ் என்று போய் 'யூஸ் டூல் க்ரூப்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். நான் எப்போதும் எடுத்துவிடுவேன். பேனல்கள் மொத்தமாக மறைந்தால் டேப் கீயில் கை பட்டிருக்கும். மறுபடி அழுத்தினால் சரி.

லோகோ விஷயம் வேறு. மெனுவில் ஒரு பெயர் மங்கலாகத் தெரிந்தால் குறை மெனுவில் இல்லை, படத்தில். ஜிஃப் படத்தில் அதிகபட்சம் 256 நிறங்கள்தான். கிம்ப் அதை 'இண்டெக்ஸ்டு' முறையில், அதாவது குறிப்பிட்ட நிறப் பட்டியலை மட்டும் வைத்து, திறக்கும். தலைப்புப் பட்டையிலேயே அப்படிப் போட்டிருக்கும், பாருங்கள். அந்த முறையில் பெரும்பாலான ஃபில்டர்கள் வேலை செய்யாது. இமேஜ் மெனுவில் 'மோட்' போய் ஆர்ஜிபி (முழு நிற முறை) ஆக்கினால் உயிர் வந்துவிடும். ஆனால் லோகோவுக்கு 'கலர் டு ஆல்ஃபா' எனக்குப் பிடிப்பதில்லை. பின்னணி வெள்ளையோடு எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் போய், வெளிர் நிறங்கள் பாதி கண்ணாடியாகிவிடும். லேயர் மெனுவின் 'டிரான்ஸ்பரன்சி'யில் 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்து (ஆல்ஃபா என்பது எந்த இடம் ஊடுருவித் தெரியும் என்ற தகவல்), ஒரே நிறப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் பின்னணியைத் தொட்டு டெலீட் அடியுங்கள். (ஆல்ஃபா இல்லாமல் அழித்தால் பின்னணி நிறம்தான் நிரம்பும்.) அப்புறம் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' போய் பிஎன்ஜி ஆக எடுங்கள், 'சேவ்' கொடுத்தால் கிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் மட்டுமே கிடைக்கும்.

'ஹீல் செலக்‌ஷன்' மட்டும் நிஜமாகவே இல்லை. அது கிம்ப்போடு வருவதல்ல, ரீசிந்தசைசர் என்ற தனி ப்ளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் நிரல்). 2.10க்கு எழுதிய ப்ளக்-இன் 3.0இல் ஓடாது, 3.0க்கென்று மாற்றி எழுதியதைத் தேடி எடுங்கள். ப்ளக்-இன் ஃபைலை அதே பெயருள்ள தனி ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும், வெறுமனே போட்டால் கிம்ப் கண்டுகொள்ளாது. சின்னக் கறை என்றால் இதெல்லாம் எதற்கு, டூல்பாக்ஸில் இருக்கும் ஹீல் கருவியே போதும்.