மூன்று பிள்ளைகள் ஏன் விலகினார்கள்?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவில் அவள் வகுப்புக்கு வெஸ்டர்ன் டான்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். பாட்டு, மாஸ்டர், உடை எல்லாவற்றையும் பெற்றோர் நால்வரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. ‘டெஸ்பசீட்டோ’, ‘வக்கா வக்கா’, ‘ஹேப்பி’ என்று மூன்று பாட்டுகளைப் பேசி வைத்திருக்கிறோம். மாஸ்டர் முதலாவதுதான் வேண்டும் என்கிறார். ஸ்பானிஷ் பாட்டு என்பதால் வரிகளும் யாருக்கும் புரியப்போவதில்லை. உடைக்கும் மாஸ்டருக்கும் சேர்த்துத் தலைக்கு 2,200 ரூபாய் என்றதும் மூன்று பிள்ளைகள் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். இப்போது சரியாக 20 பேர் இருப்பதால் ஃபார்மேஷனுக்கும் வசதியாகிவிட்டது. அரங்கமே கைதட்டும்படி எந்தப் பாட்டை எடுக்கலாம்?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: சகோதரி, ஆண்டு விழாக் காலம் தொடங்கினால் இத்தகைய கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளை ஆட்டத்திலிருந்து தானாக விலகாது. வகுப்பே சேர்ந்து ஆடும்போது தான் மட்டும் ஆடாமல் இருக்க அந்த வயதில் எந்தக் குழந்தையும் விரும்பாது. அந்த வீடுகளில் நடந்திருக்கக்கூடியது இதுதான்: பள்ளிக் கட்டணத்தையே தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் அப்பா, தொகையைக் கேட்டதும் பேசாமல் இருந்திருப்பார்; அந்த மௌனத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை, மறுநாள் வகுப்பில், “எனக்கு டான்ஸ் பிடிக்காது” என்று சொல்லியிருக்கும். தன் பெற்றோரின் மானத்தைக் காக்க அந்தக் குழந்தை சொன்ன பொய் அது. நீங்கள் நால்வரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை அடித்துவிட்டு, வரிசை சரியாக அமைந்தது என்று நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். “வசதியாகிவிட்டது” என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

இனி ஒத்திகை நாட்களில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இருபது பேர் மைதானத்துக்குப் போவார்கள். மூவர் வகுப்பறையில் அமர்ந்து, சன்னல் வழியே வரும் அதே பாட்டைக் கேட்டுக்கொண்டே எழுத்து வேலை செய்வார்கள். விழாவன்று அந்த மூன்று குடும்பங்களும் வரமாட்டா. கேட்டால், ஊரில் ஒரு விசேஷம் என்பார்கள். உங்கள் மகள் இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். காசு கட்ட முடியாத தோழி இல்லாமலே ஆட்டம் நடக்கும் என்பதை அவளுக்குக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடமன்று, அவளைப் பெற்ற நீங்கள்தான். ஊர்ப் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பெரியவர்கள் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறவள். ஒரு வகுப்பின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நாள் முதல் விழா முடியும்வரை, இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் நீங்கள் தாய் ஸ்தானத்தில் இருக்கிறீர்கள்.

ஆகவே, 23 பேரும் வீட்டில் இருக்கும் உடையோடு, கூடுதல் செலவின்றி ஆடக்கூடிய பாட்டு எது என்பதையே நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை எளிது.

‘டெஸ்பசீட்டோ’வை இன்றே விட்டுவிடுங்கள். அது ஓர் ஆண் ஒரு பெண்ணின் உடலை மெல்ல மெல்ல நெருங்குவதைப் பாடும் பாட்டு. 2017இல் மலேசிய அரசு வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வரிகளுக்காகவே அதை ஒலிபரப்புவதை நிறுத்தின. யாருக்கும் புரியாது என்கிறீர்கள். இந்தக் காலப் பிள்ளை கைபேசியை எடுத்து அன்று மாலையே பொருளைத் தேடிப் படித்துவிடும். தவிர, நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 தாளத் தட்டுகளே கொண்ட அந்தப் பாட்டு, நீங்கள் கேட்கும் துள்ளலுக்கும் பொருந்தாது.

‘வக்கா வக்கா’ நல்ல பாட்டு. 2010இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஷகீரா பாடியது. அதன் பல்லவி கேமரூன் நாட்டுக் குழு ஒன்று 1986இல் வெளியிட்ட பாட்டிலிருந்து வந்தது. ஆனால் நம் பள்ளி மேடைகளில் ஆப்பிரிக்கா என்றாலே குழந்தைகளின் முகத்தில் கரியைப் பூசி, இடுப்பில் ஓலையைக் கட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. இன்னொரு மக்களின் தோற்றத்தை வேடமாக்குவது தவறு என்பதோடு, வாடகை உடையின் செலவும் அதே வழியில் திரும்பி வந்துவிடும்.

‘ஹேப்பி’யை எடுங்கள். ஃபாரல் வில்லியம்ஸ் ‘டெஸ்பிகபிள் மீ 2’ என்ற குழந்தைகள் படத்துக்காகப் பாடி, 2013இல் வெளிவந்த பாட்டு. வரிகளில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. அதற்காக எடுத்த காணொளி 24 மணி நேரம் ஓடக்கூடியது. லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் பல வயதினரும் பல உடல்வாகினரும் தாங்கள் வழக்கமாக உடுத்தும் உடையிலேயே ஆடுகிறார்கள். வாடகை உடை எதற்கும் அந்தப் பாட்டில் இடமே இல்லை. உங்கள் பள்ளியில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஹவுஸ் டி-ஷர்ட் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பிறந்தநாளுக்கு அணிந்து வரும் கலர் டிரஸ் போதும்.

நிமிடத்துக்கு 160 தட்டுகள் என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு தட்டில் காலை வைக்கச் சொன்னால் 80 ஆகிவிடும். அது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிய நடை. நன்றாக ஆடும் பிள்ளைகள் நடுவில் வரும் பகுதியில் வேகமாக ஆடட்டும். பல்லவியே கைதட்டச் சொல்லி அழைப்பதால், கால் ஒத்துழைக்காத குழந்தையும் அதில் பின்தங்காது. நீங்கள் ஆசைப்பட்ட அரங்கக் கைதட்டலும் தானே சேர்ந்துகொள்ளும். கிட்டத்தட்ட நான்கு நிமிடப் பாட்டை மூன்று நிமிடமாக வெட்டிக்கொள்ளுங்கள். முன்னால் 5, பின்னால் 6, 6, 6 என்று இடைவெளி விட்டு நிறுத்தினால் 23 முகங்களும் தெரியும்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் நாங்கள் பணம் கட்டிவிடுகிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தச் செய்தி ஒரே நாளில் வகுப்பு முழுவதும் பரவும். விலகியதைவிடப் பெரிய அவமானம் அதுதான். யாருக்கும் கட்டணம் இல்லை என்று அறிவித்து, வாங்கிய பணத்தை எல்லோருக்கும் திருப்பிக் கொடுங்கள். உடைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அந்த நட்டத்தை நால்வரும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாஸ்டரின் சம்பளத்தைப் பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆண்டு விழா பள்ளியுடையது. மறுத்தால், பதினொன்றாம் வகுப்பில் நன்றாக ஆடும் இரண்டு மாணவிகளை அழைத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

அந்த மூன்று தாய்மாரிடமும் நீங்களே போனில் பேசுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். “அக்கா, ஏற்பாடு எல்லாம் மாறிவிட்டது, டான்ஸில் வகுப்பே ஆடுகிறது, நாளைக்கு ஒத்திகைக்கு அனுப்பிவிடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியை 23 பெயர்களையும் வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே வாசிக்கட்டும். மாஸ்டர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்த அசைவுகளை அப்படியே கைவிட்டு, எல்லோரும் முதல் அடியிலிருந்து கற்கட்டும். மூவர் மட்டும் தாமதமாக வந்து சேர்ந்ததாக யாருக்கும் தோன்றக் கூடாது.