பட்டறைக் கேள்வி பதில்: ஹெட்டை டிஸ்க் போட்டுத் தேய்க்கலாமா?

கோவையில் டிங்கரிங், எஞ்சின் வேலை இரண்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றழுத்தத்தில் ஓடுகிற ஏர் கிரைண்டரில் திருகி மாட்டித் தேய்க்கிற 2 இஞ்ச், 3 இஞ்ச் டிஸ்க் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அண்ணா, ஒரு காருக்கு ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற தகடு) மாற்றுகிறேன். பழைய காஸ்கெட் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. மெரூன் கலர் டிஸ்க் போட்டால் ரெண்டே நிமிஷத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

வேண்டாம் தம்பி. பளபளப்பு வரும், அதில் சந்தேகமில்லை. அதோடு சேர்ந்து எஞ்சினுக்குள் என்ன போகிறது என்பதுதான் விஷயம்.

பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கும் அந்த டிஸ்க்கில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்ஸைடு துகள். சாணைக்கல்லுக்குப் போடுகிற குருந்தமும் அதே பொருள்தான். (ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்வதே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) இரும்பைத் தேய்க்கிற கடினம் அதற்கு. டிஸ்க் தேயத் தேய அந்தத் துகள் சிதறி ஆயில் ஓட்டையிலும் சிலிண்டர் ஓரத்திலும் போய் உட்காரும். துணி அடைத்தாலும் துணியை எடுக்கும்போது கொஞ்சம் உள்ளே விழும். காற்று அடித்தால் இன்னும் உள்ளே போகும். காந்தத்தில் ஒட்டாது. மிகப் பொடியானதை ஆயில் ஃபில்டரும் பிடிக்காது.

2011-ல் இதே தப்பை நான் செய்திருக்கிறேன். ஹெட் வேலை முடித்துக் கொடுத்த வண்டி இருபதே நாளில் அடியில் 'கட கட'வென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. சம்ப்பை, அதாவது எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டியைக் கழற்றிப் பேரிங்கைக் கையில் எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பரப்பில் முடி முடியாகக் கோடுகள். விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கிற்று. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெத்தென்ற பேரிங் உலோகத்தில் துகள் குத்திக்கொண்டு மினுங்குகிறது. அப்படிக் குத்திக்கொண்ட துகள்தான் அந்தப் பேரிங்கில் சுழல்கிற கிராங்க் தண்டை உப்புத்தாள் மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறது. கிராங்க், பேரிங் எல்லாம் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, எஞ்சினில் காஸ்கெட் உட்காரும் பரப்பில் இந்த டிஸ்க்கை வைக்கக் கூடாது என்று தன் சர்வீஸ் ஆட்களுக்குச் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு சேதமும் உண்டு. அலுமினிய ஹெட் மெத்தென்றது. பல எஞ்சின்களில் அதன் பரப்பு 0.05 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது. கையால் பிடிக்கிற டிஸ்க் காஸ்கெட் ஒட்டின இடத்தில் கொஞ்சம் அதிகம் நின்றாலே பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, இடுக்கை அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜுக்குத் தெரியும்.

காஸ்கெட் ரிமூவர் ஸ்ப்ரே அடித்து அது ஊறும் வரை காத்திருங்கள். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரில் தள்ளுங்கள். மிச்சத்துக்கு பிளேடைப் படுக்க வைத்து, முனை குத்தாமல் சுரண்டுங்கள். அரை நாள் ஆகும், ஆகட்டும்.

கதவுக்கு அடியில் துரு. எந்த டிஸ்க் வாங்குவது? கடைக்காரர் 36 நம்பரைக் கொடுக்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

நம்பர் குறையக் குறைய டிஸ்க் கொரகொரப்பு. 36 நம்பர் கனமான பட்டையில் வெல்டிங் மேட்டைத் தட்டுவதற்கு. கார்த் தகடு முக்கால் மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். 36-ஐ வைத்து அழுத்தினால் தகடு நீலம் பாய்ந்து சூட்டில் நெளிந்துவிடும். அப்புறம் அந்த நெளிவை எடுக்கவே ஒரு நாள் போகும். மேல் துருவுக்கும் பழைய பெயின்டுக்கும் அந்த நார் டிஸ்க்கே நல்லது, அதற்கான இடம் இதுதான். பிரவுன் கொரகொரப்பு, மெரூன் நடுத்தரம், நீலம் நைஸ். பெரும்பாலான கம்பெனிகளில் இந்தக் கணக்குதான். துரு குழி விழுந்திருந்தால் 80-ல் ஆரம்பித்து, பட்டிக்கு முன்னால் ஓரத்தை 120 அல்லது 180-ல் இழையுங்கள். கருப்புப் புள்ளி மிச்சமிருந்தால் அது துருதான். அதன் மேல் பட்டி போட்டு மூடாதீர்கள். அடுத்த மழைக்குக் கொப்புளமாக வரும்.

பக்கத்து வண்டியின் கண்ணாடிக்கு நனைத்த சாக்காவது போட்டு மூடுங்கள். பறக்கிற பொறி கண்ணாடியில் குத்தி நின்றுவிடும், துடைத்தால் போகாது. பெட்ரோல் டேங்க், பேட்டரிப் பக்கம் என்றால் முதலில் அதைக் கழற்றி வெளியே வையுங்கள்.

என் ஏர் கிரைண்டரில் 25,000 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கிறது. 2 இஞ்ச் பேடை (டிஸ்க்கைத் தாங்குகிற அடித்தட்டை) கழற்றிவிட்டு 3 இஞ்ச் மாட்டலாமா? திருகு சரியாக உட்காருகிறது.
– வாசகர், ஓசூர்

திருகு உட்காருவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 50 மி.மீ. டிஸ்க் 25,000 சுற்றில் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 235 கி.மீ. வேகத்தில் போகும். அதே மிஷினில் 75 மி.மீ. மாட்டினால் விளிம்பு 350 கி.மீ.யைத் தாண்டும். 3 இஞ்ச் டிஸ்க்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 20,000-க்குள்தான் எழுதியிருக்கும். பேடுக்கும் தனி எண் உண்டு. டிஸ்க், பேட் இரண்டில் எது குறைவோ அதை மிஷினின் எண் தாண்டக் கூடாது. அந்த மிஷின் எண்ணும் 90 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்கு உரியது. கம்ப்ரெசரில் 120 வைத்து ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டினால் சுற்று இன்னும் ஏறும்.

கட்டிங் வீலைப் படுக்க வைத்து கிரைண்டிங் செய்யலாமா?
– வாசகர், கரூர்

கூடவே கூடாது. அது விளிம்பில் மட்டும் வெட்டச் செய்தது, பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து தெறிக்கும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தகர வளையத்தில் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது காலாவதித் தேதி. ரெசின் பசையில் கட்டின இந்த மாதிரி வீலுக்கு ஆயுள் 3 வருஷம். ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

மகன் டிங்கரிங் பட்டறையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு தடவை கண் சிவந்து வந்தான். கண்ணாடி போட்டேன் என்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருப்பூர்

அம்மா, அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். முன்பக்கம் மட்டும் மறைக்கிற கண்ணாடியில் பக்கவாட்டில் பொறி நுழையும். ஓரமும் மூடின கண்ணாடி போட்டு, அதன் மேல் முகக் கவசமும் போடச் சொல்லுங்கள். கழுத்தில் துண்டு, கையில் தொளதொள நூல் கையுறை இரண்டும் வேண்டாம், டிஸ்க் இழுத்துவிடும். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்கவோ துணி முனையால் எடுக்கவோ விடாதீர்கள். கருவிழியில் தங்கினால் ஒன்றிரண்டு நாளிலேயே துருப் பிடித்து வளையம் கட்டும். அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஒன்று கேட்டுப் பாருங்கள்: வேலை முடிந்ததும் கண்ணாடியை எப்படிக் கழற்றுகிறான்? புருவத்திலும் முன்மயிரிலும் தூள் படிந்திருக்கும். நிமிர்ந்து நின்று கழற்றினால் அது நேராகக் கண்ணில் கொட்டும். முதலில் குனிந்து தலையைத் தட்டி, நெற்றியை ஈரத்துணியால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வேண்டும். என் பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்.