பரிஸில் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது, மெப் புகைப்பட அருங்காட்சியகம் போகலாமா?

லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள் பார்த்தாயிற்று, புகைப்படத்தில் விருப்பம் உண்டு, கையில் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது, மாரே என்ற பழைய நகர்ப்பகுதியில் உள்ள மேசோன் யூரோப்பியேன் த லா போட்டோகிராபிக்குப் போவது பிரயோசனமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரயோசனம்தான், போங்கள். ஆனால் அங்கே இப்போது யாருடைய படங்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இங்கே எல்லாரும் அதை மெப் என்றுதான் சொல்வார்கள். லூவரில் எந்த மாதம் போனாலும் மோனாலிசா இருக்கும். மெப்பில் அப்படி நிரந்தரமாகத் தொங்கும் படம் கிடையாது. சேகரிப்பில் 20,000க்கும் மேற்பட்ட படங்கள் வைத்திருக்கிறார்கள், ஆனால் சுவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடும். ஒன்றைக் கழற்றி அடுத்ததை மாட்டும் நாட்களில் பூட்டியே இருக்கும். திங்களும் செவ்வாயும் எப்போதும் விடுமுறை.

கட்டடம் 1706இல் கட்டியது. அரசருக்காக வரி தண்டும் குத்தகை எடுத்திருந்த ஏனோ த கான்டோபர் என்பவரின் மாளிகை. 1914இலிருந்து நகரசபையின் சொத்து. 1996இல்தான் புகைப்படத்துக்கென்று திறந்தார்கள். பழைய மாளிகையோடு ஒட்டி ஈவ் லியோன் என்ற கட்டடக் கலைஞர் ஒரு புதுப் பகுதியும் கட்டியிருக்கிறார். வாசலுக்கு முன்னால் கெய்ச்சி தஹாரா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் அமைத்த கல்தோட்டம் இருக்கும், அதை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். உள்ளே போனதும் லிப்டைத் தேடாமல் பழைய படிக்கட்டால் ஏறுங்கள். வளைந்து போகும் இரும்புக் கைப்பிடி, அகலமான கற்படிகள். வரிப் பணத்தில் வாழ்ந்தவர்களின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் படிக்கட்டிலேயே விளங்கிவிடும்.

நான் 2022 தொடக்கத்தில் அங்கே சாமுவேல் ஃபோஸோ என்ற புகைப்படக்காரரின் கண்காட்சி பார்த்தேன். மாஸ்க் போட்டுக்கொண்டு, தடுப்பூசி அத்தாட்சி காட்டி உள்ளே போன காலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 1962இல் கமரூனில் பிறந்தவர். சுகமில்லாத பிள்ளை என்பதால் குழந்தையாக இருந்தபோது அவரைப் படம் பிடிக்கவில்லை. நைஜீரியாவில் பியாஃப்ரா யுத்தத்துக்குள் வளர்ந்து, தாயை இழந்து, மத்திய ஆபிரிக்கக் குடியரசில் இருந்த மாமாவிடம் போய்ச் சேர்ந்தார். 1975இல், 13 வயதில், பாங்கி நகரில் சொந்தமாக ஸ்ரூடியோ திறந்தார்.

பகலில் வாடிக்கையாளர்களைப் படம் எடுப்பார். அவர்களுக்குப் படம் கெதியாகக் கொடுக்க வேண்டும், பிலிம் ரோலில் இன்னும் சில பிரேம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில், கடை பூட்டிய பிறகு, தன்னைத் தானே எடுத்துக்கொள்வார். பெல்பாட்டம், உயரக் குதி வைத்த சப்பாத்து, இறுக்கமான சேட், பின்னால் ஸ்ரூடியோத் திரை. நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு, நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்ட அதில் சிலவற்றை அனுப்பியிருக்கிறார்.

இதை வாசித்தபோதே எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என் பெரியப்பா யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் ஆட்கள்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். 120 ரோலில் 12 படம். பத்துப் பேர் வந்துவிட்டுப் போனால் இரண்டு மிஞ்சும். அடுத்த நாள் வரைக்கும் பொறுக்க ஏலாத ஒருவர் எப்படியும் இருப்பார், ரோலைக் கழுவித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார். தலையைச் சீவிவிட்டு, முகத்தில் பவுடர் தட்டி, ஓடாத டெலிபோன் ஒன்றைக் கையில் தந்து நிறுத்துவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள் எல்லாமே யாரோ ஒருவரின் அடையாள அட்டைக்குப் பின்னால் பிறந்தவை.

மெப்பில் ஃபோஸோவின் அந்தச் சதுரக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அவை சுவர் நிறையப் பெருப்பித்த படங்கள் இல்லை. கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். போனில் ஏற்கெனவே பார்த்தவைதான், ஆனால் போனில் கறுப்பு வெறும் இருட்டாகத்தான் தெரியும். பேப்பரில் அந்தக் கறுப்புக்குள் சேட்டின் மடிப்பு இருக்கிறது, திரையின் தையல் இருக்கிறது. ஒரு படத்தில் விளக்குத் தாங்கிகூட இரண்டு பக்கமும் தெரிகிறது. அதை அவர் மறைக்கவில்லை. ஸ்ரூடியோக்காரப் பெடியன் ஒருவன் தன் கடையைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

அடுத்த அறைகளில் நிறப் படங்கள். 1997இல் ததி என்ற மலிவு விலைக் கடைக்காக அவர் செய்த தொடர் அங்கே இருந்தது. லாச்சப்பலில், பரிஸின் தமிழ்க் கடைத்தெருப் பக்கம், இருப்பவர்களுக்குப் பார்பெஸில் இருந்த ததியைத் தெரியாமல் இருக்க ஏலாது. ஒரு ஸ்டேஷன்தானே தூரம். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட பையோடு எத்தனை பேர் ஊருக்குச் சாமான் அனுப்பினோம்! அந்தக் கடையை 2021இல் மூடிவிட்டார்கள். அந்தத் தொடரில் ஃபோஸோ சிறுத்தைத் தோல் விரித்த நாற்காலியில், கழுத்து நிறைய ஆபரணத்தோடு, கறுப்புக் கண்ணாடி போட்டு, செங்கோலுக்குப் பதிலாகச் சூரியகாந்திப் பூக்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஆபிரிக்காவைக் குடியேற்றக்காரர்களுக்கு விற்ற தலைவன் என்று அதற்குப் பெயர். சனம் முதலில் சிரிக்கும். பெயரை வாசித்தபின் திரும்பவும் படத்தைப் பார்க்கும். நானும் அப்படித்தான் பார்த்தேன். வரித் தண்டல்காரரின் மாளிகையில் அந்தப் படம் தொங்குவது சரியான இடத்தில் தொங்குவதாகவே எனக்குப் பட்டது.

2014இல் பாங்கியில் கலவரம் நடந்தபோது அவருடைய வீட்டைக் கொள்ளையடித்தார்கள். அவர் அங்கே இல்லை. நெகற்றிவ்களும் படங்களும் தெருப் புழுதியில் கொட்டிக் கிடந்தன. செய்திக்காக அந்த வழியால் போன புகைப்படக்காரர்கள் கண்டு பொறுக்கி எடுத்துக் காப்பாற்றினார்கள். பெரியப்பாவின் கடை 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியோடு சேர்ந்து போனது. அந்த வழியால் யாரும் பொறுக்கப் போகவில்லை. பெட்டி பெட்டியாக இருந்த நெகற்றிவ்கள், தென்மராட்சியில் பாதிப் பேரின் முகங்கள். எங்களிடம் மிஞ்சியது அம்மா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஏழு படங்கள்தான்.

சரி, உங்கள் பிற்பகலுக்கு வருகிறேன். லாச்சப்பல் பக்கம் தங்குகிறீர்கள் என்றால் 2ஆம் இலக்க மெற்றோவில் ஸ்டாலின்கிராட் போய், 7இல் மாறி போன் மாரியில் இறங்கி நடக்கலாம். லூவர் பக்கத்திலிருந்து என்றால் 1ஆம் இலக்கத்தில் சென் போல். எல்லா மாடியையும் முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். முதலில் ஒரு சுற்று வேகமாக நடந்து பாருங்கள். அப்புறம் உங்களைப் பிடித்து நிறுத்திய படங்களிடம் மட்டும் திரும்பிப் போங்கள். விளக்கு மங்கலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். பழைய பேப்பர் வெளிச்சத்தில் வெளிறிவிடும், அதற்காகத்தான். உள்ளேயே புகைப்படப் புத்தகங்களுக்கென்று ஒரு நூலகமும் இருக்கிறது, மழை நாளில் அது போதும்.

ஃபோஸோவின் படங்களைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு கனடாவுக்கு, ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். ரோல் மிச்சத்தில் தன்னை எடுத்த பெடியனின் கதையைச் சத்தமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"படம் எப்பிடி? கறுப்பு நல்லாப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் பெரியப்பா. சேட்டின்ர மடிப்புக்கூடத் தெரியுது."

"அப்ப ஒழுங்காக் கழுவியிருக்கிறான்," என்றார்.