வில்லுக்குரிய இடம்

கேள்வி: மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவின் முதல் இசைத்தட்டான ‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ வெறும் வேகப் போட்டிதானே? அதில் எலக்ட்ரிக் வயலின், கிதாருக்கு ஒத்து ஊதுவதைத் தவிர வேறென்ன செய்கிறது?
— வாசகர், திருச்சி

பதில்: வேகம் உண்டு. 1971-இல் நியூயார்க்கில் பதிவான அந்தத் தட்டில் பில்லி காப்ஹாமின் டிரம்ஸ் பாயும் பாய்ச்சலைக் கேட்டு யாரும் மலைக்கத்தான் செய்வார்கள். ஆனால், அந்த மலைப்போடு நின்றுவிட்டு ஜெரி குட்மனின் வயலினை ஒத்துக்கருவி என்று ஒதுக்குவது, தட்டில் பாதியைக் கேளாமலே தீர்ப்புச் சொல்வதாகும்.

குழுவை அமைத்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் வயலின் வேண்டும் என்பதில் தொடக்கத்திலேயே உறுதியாக இருந்தார். அவர் முதலில் நாடியது பிரெஞ்சுக் கலைஞர் ழான்-லுக் போன்டியை. அமெரிக்கக் குடியேற்ற விதிகள் குறுக்கே நின்றதால், சிகாகோவின் ‘தி ஃப்ளாக்’ ராக் குழுவில் வாசித்துவந்த குட்மன் வந்து சேர்ந்தார். பின்னாளில் குழுவை மாற்றி அமைத்தபோது போன்டியையே அழைத்துக்கொண்டார். அதன் பிறகு ‘சக்தி’ குழுவைத் தொடங்கியபோதும் நம் எல். சங்கரின் வயலின்தான் அவருடைய கிதாருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒப்புக்கு வைத்துக்கொள்ளும் கருவியை ஒருவர் இத்தனை முறை தேடிப் போவாரா?

காரணம் நாதத்தில் இருக்கிறது. மீட்டிய கிதார்த் தந்தியின் ஒலி மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். வயலினின் ஒலியோ வில் இழுபடும்வரை நிற்கும். மெக்லாக்லின் ஆம்ப்ளிஃபையரை உரத்து முடுக்கி, கிதாரின் ஒலி கரகரத்து நீளும்படி செய்தார். குட்மனின் வயலினும் மின்சாரத்தின் துணையால் அந்த டிரம்ஸ் முழக்கத்துக்கு மேலெழுந்தது. இப்படி இரண்டும் ஒன்றையொன்று நெருங்கியதால்தான், ‘மீட்டிங் ஆஃப் தி ஸ்பிரிட்ஸ்’ பகுதியில் இருவரும் ஒரே சுரங்களைச் சேர்ந்து வாசிக்கும்போது, எது தந்தி மீட்டல், எது வில் என்று பிரித்தறிய முடியாத ஒரு புது நாதம் கேட்கிறது. ஜாஸ் அதுவரை அதிகம் அறியாத நாதம் அது.

முதல் பக்கத்தை முடித்துவைக்கும் ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ பகுதியைத் தனியே கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் இல்லை, பேஸ் கிதார் இல்லை; மின்சாரம் தொடாத கிதாரும் யான் ஹாமரின் பியானோவும் வயலினும் மட்டுமே. அங்கே ராகத்தைத் தாங்கிச் செல்வதில் குட்மனின் வில்லுக்கு இருக்கும் பங்கைக் கேட்டபின், ஒத்து ஊதுகிறது என்ற சொல்லை நீங்களே திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்.