டொலுயீனில் கூழ், அசிட்டோநைட்ரைலில் கட்டி: உருண்டைத் துகள் கிடைக்க என்ன வழி?

கிண்டியில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் கேள்வி: "ஸ்டைரீனுடன் 10 சதவீதம் டைவினைல்பென்சீன் சேர்த்து, மொத்த மோனோமர் (பாலிமர் சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு) 20 சதவீதமாக இருக்கும்படி பாலிமராக்குகிறேன். கரைப்பான் டொலுயீனானால் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாத கூழாகிறது. அசிட்டோநைட்ரைலில் அடியில் ஒட்டிய கட்டியாகிறது. எதை மாற்றுவது?"

இரண்டுக்கும் காரணங்கள் வேறு. இரு பொருள்களின் கரைதிறன் அளவுரு நெருங்கியிருந்தால் ஒன்று மற்றொன்றில் நன்கு கரையும். டொலுயீனின் அளவுரு (மெகாபாஸ்கல் வர்க்கமூல அலகில்) சுமார் 18.2, பாலிஸ்டைரீனுடையதும் ஏறத்தாழ அதுவே என்பதால், சங்கிலிகள் கரைப்பானை விட்டுப் பிரியாமல் விரிந்து நின்று, ஒன்றோடொன்று பிணைந்து பாட்டில் முழுவதையும் ஒரே வலையாக்கிவிடுகின்றன. அசிட்டோநைட்ரைலின் அளவுரு சுமார் 24 என்பதால் சங்கிலிகள் விரைவிலேயே பிரிந்து துகளாகின்றன. ஆனால், போதிய குறுக்கிணைப்பு (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு, இங்கே டைவினைல்பென்சீன் தருவது) இல்லாத துகள் மென்மையாக இருந்து, மோதிய இடத்திலேயே மற்றொன்றுடன் கலந்துவிடுகிறது. குறுக்கிணைப்பு மிகுந்தால் உள்பகுதி இறுகும். மேற்பரப்பில் மட்டும் கரைப்பானில் சற்றே உப்பிய மெல்லிய படலம் நின்று துகள்களை விலக்கி வைக்கும். துகள்கள் ஒட்டாமல் காக்கும் நிலைப்படுத்தி எதையும் சேர்க்காமலேயே, சங்கிலிகள் கரைப்பானிலிருந்து பிரிந்து துகளாகும் இந்த வீழ்படிவு முறை பலிப்பது இதனால்தான்.

உங்கள் கணக்கிலும் ஒரு பிழை இருக்கக்கூடும். கடையில் கிடைக்கும் டைவினைல்பென்சீன் பெரும்பாலும் 55 அல்லது 80 சதவீதத் தரத்தில்தான் வருகிறது. மீதியில் பெரும்பகுதி, குறுக்கிணைக்க இயலாத எத்தில்வினைல்பென்சீன். 55 தரமானால் உங்கள் 10 சதவீதம் உண்மையில் 5.5 மட்டுமே.

முதலில் ஸ்டைரீனை விட்டுவிடுங்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டோவர் குழுவினர் 1993இல் காட்டிய வழியே பாதுகாப்பான தொடக்கம் என்பது என் கருத்து: அசிட்டோநைட்ரைலில் கன அளவில் 2 சதவீதம் டைவினைல்பென்சீன், மோனோமர் எடையில் 2 சதவீதம் ஏ.ஐ.பி.என். (வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்), நைட்ரஜன் செலுத்தி 70 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம். காந்தக் கலக்கி வேண்டாம். பாட்டிலை மெல்ல உருட்டினால் போதும். மோனோமர் தானாகவே பாலிமராகாதிருக்க அதில் சேர்த்திருக்கும் தடுப்பானை முன்னதாக அலுமினா வழியே வடித்து நீக்குங்கள். சென்னை வெயிலில் ஏ.ஐ.பி.என். வெளியே கிடக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வையுங்கள்.

துகள் சீராக வந்த பிறகு ஸ்டைரீனைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். நுண்துளைகள் தேவையானால் அசிட்டோநைட்ரைலின் ஒரு பங்கை டொலுயீனாக மாற்றலாம். ஆனால் ஒரு வேளைக்கு ஒரே மாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் காணுங்கள்: தனித்தனி உருண்டைகள் தெரிந்தால் மேலே செல்லலாம்; ஒட்டிய இரட்டைகளும் கொத்துகளும் தெரிந்தால் ஸ்டைரீனைக் குறையுங்கள்.