ஊற்றில் கெடுவதில்லை, வழியில்தான் கெடுகிறது: தருமபுரி மாவட்டக் குடிநீர் கேள்வி பதில்

மழை பிடித்துவிட்டால் எனக்குக் கேள்விகள் குவியும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 27 வருடம் மாதிரி பாட்டில்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் ஊரில் யாருக்கு வயிறு கலக்கினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பாலக்கோடு): எங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், இளநீர் ருசி. லேப் ரிப்போர்ட்ல 'ஈ. கோலை உள்ளது, குடிக்க உகந்ததல்ல'ன்னு போட்டிருக்காங்க. பாட்டில் மாறிப்போச்சோ சார்?

மாறியிருக்காது. ஒரு சொம்புத் தண்ணீரில் லட்சம் பாக்டீரியா இருந்தாலும் கலங்கல் தெரியாது, ருசியும் மாறாது. ஈ. கோலை மனிதர், ஆடு, மாடு ஆகியவற்றின் குடலில் வாழ்வது. அதில் பெரும்பாலான வகை நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் அது வந்த வழியாகவே டைபாய்டும் காலராவும் மஞ்சள் காமாலையும் வரலாம். அதனால்தான் 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்கிறது. வெறும் 'கோலிஃபார்ம்' (ஈ. கோலையும் சேர்ந்த பெரிய பாக்டீரியாக் கூட்டம்) மட்டும் என்றிருந்தால் மண், இலைதழையிலிருந்துகூட வந்திருக்கலாம். ஈ. கோலை என்றால் எங்கோ மலம் கலக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று கேட்கிறேன், மாதிரியை எதில் பிடித்தீர்கள்? லேப் கொடுத்த கிருமி நீக்கிய பாட்டிலில்தானே? பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் என்றால் மட்டும் உங்கள் சந்தேகத்துக்கு இடமுண்டு. இன்னொரு தடவை எடுங்கள்.

கேள்வி (காரிமங்கலம் பக்கம்): ஊருக்கே ஒரே டேங்க். ஆனா எங்க தெருவுல மட்டும்தான் பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு. மேலத் தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இது எப்படிங்க?

அம்மா, உங்கள் தெரு கடைசித் தெருவா? தண்ணீர் மெதுவாக வருகிறதென்று குழி தோண்டி, குழாயைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறீர்களா? நான் பார்த்த பத்து ஊரில் ஏழில் இதுதான் கதை.

அந்தக் குழியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிற்கும், கோழி நிற்கும், குழந்தையைக் கால் கழுவிவிட்டதும் ஓடிவந்து தேங்கும். காலை ஏழு மணிக்கு டேங்கை மூடியதும் குழாய்க்குள் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து இறங்கும். பின்னால் வெற்றிடம் உண்டாகும். திறந்து கிடக்கும் குழாய் வாய் அப்போது குழியில் நிற்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் விட்டதும் அதுதான் முதல் குடத்தில் வந்து விழும். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் ஊரில் குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருப்பதால் இந்த வினை இல்லை. நமக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம்.

இதோடு, வசதியான இரண்டு வீட்டார் குழாயிலேயே மோட்டாரைப் போட்டு இழுப்பார்கள். அவர்கள் இழுக்கும்போது எங்கே விரிசல் இருக்கிறதோ, எந்த வால்வுக் குழியில் சாக்கடை நிற்கிறதோ, அங்கிருந்தெல்லாம் உள்ளே வரும். மோட்டார் போட்டவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் வரும், அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது: குழியைத் தூர்த்துக் குழாயை மேலே தூக்குங்கள், வாயில் திருகு போடுங்கள். அதுவரை முதல் இரண்டு குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். குடிக்கும் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: எங்க தாத்தா குளத்துத் தண்ணியைக் குடிச்சு 90 வயசு வரைக்கும் இருந்தாரே?

தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் ஐந்து வயதைத் தாண்டினார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பென்னாகரம்): ஒகேனக்கல் தண்ணி சுத்திகரிச்சுதானே வருது? அப்புறம் எதுக்கு நம்ம டேங்க்ல வேற பிளீச்சிங் பவுடர் போடுறாங்க? நாத்தம் தாங்கல.

2013 முதல் வருகிற அந்தக் காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தின் ஃப்ளோரைடு (நிலத்தடி நீரில் கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது) தொல்லைக்காகக் கொண்டுவந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் குளோரின் கற்பூரம் மாதிரி, போகிற வழியிலேயே கரைந்துகொண்டு வரும். உங்கள் ஊர் டேங்கில் போர் தண்ணீரும் கலந்தால் இன்னும் குறையும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். அந்த மிச்சம்தான் குடத்துக்குள் கை விட்டு மொண்டாலும் கொஞ்சம் காப்பாற்றுவது. லேசான வாடை வந்தால் சந்தோஷப்படுங்கள். குடத்தை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் வாடை குறைந்துவிடும்.

கேள்வி (டேங்க் ஆபரேட்டர், ஊர் வேண்டாம் என்றார்): நான் தினமும் பவுடர் போடுறேன் சார். ஆனா டெஸ்ட் பண்ணினா குளோரின் இல்லேங்கிறாங்க. திட்டு எனக்குத்தான்.

தம்பி, மூன்று விஷயம் பாருங்கள். மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். வாய் திறந்த மூட்டை மோட்டார் ரூமில் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்தால் சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பு. மூக்கில் குத்தாத பவுடர் கோலம் போடத்தான் ஆகும்.

அடுத்தது, எப்போது போடுகிறீர்கள்? வால்வைத் திறந்துவிட்டு மேலே ஏறித் தூவினால் பாதித் தண்ணீர் மருந்து படாமலே போய்விடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊற்றி, நிரம்பியபின் அரை மணி நேரம் விட்டுத் திறங்கள். அளவு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

மூன்றாவது, அடிச் சேறு. 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவ வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். சேறு கிடந்தால் போடுகிற குளோரினையெல்லாம் அதுவே தின்றுவிடும். தேதியை மட்டும் டேங்கில் எழுதிவிட்டு இறங்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை.

கேள்வி (அரூர்): வீட்டுக் கிணத்துக்கு எவ்வளவு பவுடர்?

விட்டத்தை அடிக் கணக்கில் அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள். தண்ணீர் நிற்கும் ஆழத்தால் பெருக்குங்கள். பிறகு 22ஆல் பெருக்கினால் லிட்டர். 12 அடி விட்டம், 10 அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 32,000 லிட்டர். ஆயிரத்துக்கு இரண்டரை கிராம் வீதம் 80 கிராம். தெளிவை வாளியோடு இறக்கி நன்றாகக் குலுக்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்காதீர்கள். வெள்ளம் உள்ளே இறங்கிய கிணறு என்றால் இந்த அளவு போதாது. முதலில் இறைத்துச் சேற்றை வாரிவிட்டு, சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கழிவறைக் குழி கிணத்துக்கு 50 அடி தள்ளி இருக்கு. போதும்தானே?

மணல் பூமியில் போதும் என்பேன், ஏனென்றால் மணல் வடிகட்டும். நம் மாவட்டம் பாறை பூமி. பாறை வெடிப்பில் தண்ணீர் வடிகட்டாமல் குழாயில் ஓடுவது போல ஓடும். அடிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். குழி கிணற்றுக்கு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மழை முடிந்ததும் ஒரு தடவை தண்ணீரைச் சோதியுங்கள்.

கேள்வி (நல்லம்பள்ளி): நாங்க போர் தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம். ஃப்ளோரைடும் போயிடும்ல?

போகாது. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், அதனால் செறிவு சற்றுக் கூடும். கிருமிக்குக் கொதிக்கவைப்பது மருந்து, ஃப்ளோரைடுக்கு அல்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கும் போரைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, காவிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கேள்வி: கேன் தண்ணி?

ஆர்.ஓ. மெஷின் குளோரினையும் சேர்த்து எடுத்துவிடும். பிறகு கழுவாத கேனில் பிடித்தால் காவலுக்கு ஆளில்லாத வீடுதான். கேன் உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (மொரப்பூர், மகளிர் குழு): எங்களுக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணப் பயிற்சி கொடுத்திருக்காங்க. சின்ன பாட்டில்ல தண்ணி ஊத்தி வச்சோம், கறுப்பாயிடுச்சு. உடனே ஊரைக் கூட்டிடலாமா?

அந்தப் பாட்டிலில் இருக்கும் மருந்து, தண்ணீரில் மலக் கிருமி இருந்தால் கறுக்கும். எத்தனை மணி நேரத்தில் கறுத்தது? ஊற்றியதுமே கறுத்தால் அது கிருமி இல்லை, தண்ணீரிலேயே முட்டை நாற்ற வாயு இருக்கும். ஒரு நாள், இரண்டு நாளில் கறுத்தால் சந்தேகப்படுங்கள். டேங்க், தெருக் குழாய், வீட்டுக் குடம் என மூன்று இடத்திலும் தனித்தனி பாட்டில் வையுங்கள். எது கறுக்கிறது என்று பார்த்தால் எங்கே கெடுகிறது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு லேபுக்கு அனுப்பி, முடிவு வந்ததும் ஊரைக் கூட்டுங்கள்.

கேள்வி: குடம் மட்டும் கறுத்தா செம்புக் குடம் வாங்கலாமா? பாட்டி சொல்றாங்க.

பாட்டி சொல்வது சரி. செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் ஈ. கோலை செத்துப்போவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூடி வையுங்கள், காம்பு வைத்த அகப்பையால் மொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் அந்தப் புளி போகக் கழுவுங்கள்.