போன் டெர்மினலில் கண்ட்ரோல் கீ எங்கே? – டெர்மக்ஸ் கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் (கட்டளைகளை எழுத்தாக அடித்து வேலை வாங்கும் டெர்மினல் செயலி) பயன்படுத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கே: ஓடுகிற பைத்தான் ப்ரோகிராமை நிறுத்த கண்ட்ரோல் + சி என்கிறார்கள். போன் கீபோர்டில் கண்ட்ரோலே இல்லையே?

சத்தத்தைக் குறைக்கும் வால்யூம் பட்டன்தான் கண்ட்ரோல். அதைப் பிடித்துக்கொண்டே சி தட்டுங்கள், நின்றுவிடும். அதே பட்டனோடு ஏ தட்டினால் வரியின் தொடக்கம், ஈ தட்டினால் கடைசி, எல் தட்டினால் திரை காலி. யூ, கர்சருக்கு இடப்பக்கம் உள்ளதை அழிக்கும். நான் அதிகம் பயன்படுத்துவது ஆர்: முன்பு அடித்த கட்டளைகளில் தேடித் தரும். கட்டைவிரலால் நீளமான கட்டளையை மறுபடி அடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

ஒரு எச்சரிக்கை: கண்ட்ரோல் + இசட் எதையும் மூடாது. அப்படியே உறைய வைக்கும், அவ்வளவுதான்.

கே: விம் என்ற எழுத்துத் திருத்தி உள்ளே மாட்டிக்கொண்டேன். எஸ்கேப் எப்படி அடிப்பது?

வால்யூம் கூட்டும் பட்டன் + ஈ. அல்லது கண்ட்ரோல் + இடது சதுர அடைப்புக்குறி. இரண்டாவது எந்த டெர்மினலிலும் வேலை செய்யும், காரணமும் அழகானது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அந்த அடைப்புக்குறியின் எண் 91. கண்ட்ரோல் சேர்ந்தால் 64 கழியும். மீதி 27, அதுதான் எஸ்கேப். இதே கணக்கில் பெரிய ஐ 73, கழித்தால் 9, அது டேப். எம் 77, கழித்தால் 13, அது என்டர். இது புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கே: வால்யூம் பட்டனை இப்படி அழுத்தினால் தேய்ந்துவிடாதா? கீபோர்டுக்கு மேலே இருக்கும் கூடுதல் பட்டன் வரிசை போதுமே.

அந்த வரிசை திரையில் இரண்டு வரியைத் தின்றுவிடும். கீபோர்டு திறந்திருக்கும்போது மிஞ்சும் இடமே கொஞ்சம். வால்யூம் கூட்டும் பட்டன் + கியூ அதை மறைக்கும். மறுபடி அடித்தால் திரும்ப வரும்.

கே: பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பவன் நான். வால்யூம் பட்டனைப் பிடித்துக்கொண்டு எழுத்தும் தட்ட மூன்றாவது கையா இருக்கிறது? வரிசையை மறைக்கச் சொல்லாதீர்கள்!

ஒப்புக்கொள்கிறேன். வரிசையில் கண்ட்ரோலை ஒருமுறை தட்டிவிட்டு, விரலை எடுத்து, அப்புறம் எழுத்தைத் தட்டலாம். ஒரு கைக்கு அதுதான் சரி. வரிசையை இடப்பக்கம் தள்ளினால் எழுதும் பெட்டி ஒன்று வரும். நீளமான வரியை அங்கே நிதானமாக எழுதி அனுப்பலாம். ஆனாலும் உட்கார்ந்து விம்மில் எழுதும் நேரத்தில் எனக்கு வால்யூம் பட்டன்தான்.

கே: சில நேரம் கண்ட்ரோல் + சி வேலையே செய்வதில்லை.

கீபோர்டு தமிழில் இருக்கிறதா பாருங்கள். கண்ட்ரோலோடு ஆங்கில எழுத்து போக வேண்டும். தமிழ் எழுத்து போனால் நிற்காது.

கே: பாட்டுச் சத்தத்தைக் குறைக்க முடியவில்லை.

வால்யூம் கூட்டும் பட்டன் + வி. சத்தத்தை மாற்றும் பட்டை திரையில் வரும்.

கே: கண்ட்ரோல் பட்டன் எங்கே இருக்கிறது?

முதல் பதில்.

கே: ஐபோனில் எப்படி?

நான் ஐபோன் வைத்திருக்கவில்லை. அதில் ஐஷ் என்ற டெர்மினல் செயலியைப் பயன்படுத்துபவர்களைக் கேளுங்கள்.

கே: விம்மை கண்ட்ரோல் + இசட் அடித்து மூடினேன். அதே ஃபைலைத் திறந்தால் ஸ்வாப் ஃபைல் இருப்பதாக எச்சரிக்கிறது.

மூடவில்லை, உறைய வைத்திருக்கிறீர்கள். பழைய விம் இன்னும் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; ஸ்வாப் ஃபைல் என்பது திறந்திருக்கும்போது அது வைத்துக்கொள்ளும் தற்காலிக ஃபைல். எதையும் அழிக்காதீர்கள். எச்சரிக்கையில் கியூ தட்டி வெளியே வாருங்கள், எஃப் ஜி என்று இரண்டே எழுத்து அடித்து என்டர் கொடுங்கள், பழையது திரும்ப வரும். பிறகு சேமித்து மூட: எஸ்கேப், முக்காற்புள்ளி, டபிள்யூ கியூ, என்டர்.